இன்னும் ஒரே ஒரு சீவல்

பொன்னுலிங்கம் ஆசாரி சடச்சி மரத்து வில்லில் சீவுளியை வைத்து முதல் சுருளை எடுத்த அன்று காலையில் ஆவரைக்குறிச்சியின் கீழத்தெரு ஒரு விரற்கடை உயர்ந்தது. உயர்ந்தது என்றால் புழுதி கிளம்பவில்லை, சுவர் விரியவில்லை, தொட்டிலில் கிடந்த பிள்ளைகள்கூட அழவில்லை. டீக்கடைப் பெஞ்சில் இருந்த கண்ணாடித் தம்ளர் தானாக மேற்கே நகர்ந்து பக்கத்து ஆளின் கையருகே போய் நின்றது, அவரும் தனக்குத்தான் வந்தது என்று எடுத்துக் குடித்துவிட்டார், அதில் ஒரு சண்டை வந்தது, ஊர் சாய்ந்திருக்கிறது என்பதே அந்தச் சண்டையில்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

விஜயதசமி அன்று அம்மன் ஊர் எல்லைக்கு எழுந்தருளி வன்னிமரத்தின் மேல் அம்பு போட்டுவிட்டுத் திரும்புவாள். அதற்கு வருஷா வருஷம் புது வில் வேண்டும், அதைப் பொன்னுலிங்கம்தான் செய்து தர வேண்டும். பித்தளையில் ஒன்று வார்த்து வைத்துக்கொள்ளுங்கள், தொல்லை விட்டது என்று அவரே பல தடவை சொல்லிப் பார்த்தார், காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. இந்த வருஷம், கீழத்தெரு முனையில் நின்ற பெரிய சடச்சி மரம் ஆடிக் காற்றில் சாய்ந்து, கோயில் வாசலைத் தாண்டி, நுனியை மேலத்தெருவுக்குள் நீட்டிக்கொண்டு விழுந்தது. வேர் எங்கள் மண்ணில் இருக்கிறது, மரம் எங்களுக்கு என்றது கீழத்தெரு. கிளை எங்கள் ஓட்டை உடைத்திருக்கிறது, மரம் எங்களுக்கு என்றது மேலத்தெரு. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன பிறகு, யாருக்கும் வேண்டாம், அம்மனுக்கே போகட்டும் என்று நடுத்தண்டை அறுத்து ஆசாரியின் தகரக் கொட்டகையில் கொண்டுவந்து போட்டார்கள். வேர்ப்பக்கத்து மரம் வில்லின் அடிக்கை ஆனது, நுனிப்பக்கத்து மரம் நுனிக்கை ஆனது, நடுவில் பிடி. அடிக்கையைச் சீவினால் கீழத்தெரு லேசாகி மேலே போகும், நுனிக்கையைச் சீவினால் மேலத்தெரு மேலே போகும், அவ்வளவுதான். ஏன் அப்படி என்று கேட்க ஆவரைக்குறிச்சியில் ஒருவருக்கும் பொழுதில்லை. எங்கள் பக்கம் இன்னும் ஒரே ஒரு சீவல் என்று கேட்கவே பொழுது சரியாக இருந்தது.

ஊர் பழகிக்கொண்டது. பழகிக்கொள்ளாமல் என்ன செய்யும்? கட்டில் காலுக்குச் செங்கல், கிரைண்டருக்குச் சாக்கு, அண்டாவுக்குக் கட்டை என்று வீட்டுக்கு வீடு முட்டுக் கொடுத்தார்கள், இட்லி ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து வெந்ததால், தடித்த பக்கம் ஆம்பளைகளுக்கு என்று சில வீடுகளில் ஒரு வழக்கம் ஏற்பட்டு, அந்த வழக்கத்தாலேயே சில வீடுகளில் அடுப்பு எரியாமல் போயிற்று, பந்தியில் ரசம் ஓடும் திசையைப் பார்த்துச் சோற்றால் கரை கட்டினார்கள், சலூனில் நாற்காலியை எப்படித் திருப்பிப் போட்டாலும் கிருதா ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் வந்தது, வெளியூர்க்காரர்கள் அதைப் புது ஸ்டைல் என்று நினைத்துத் தாங்களும் வந்து வெட்டிக்கொண்டு போனார்கள், டவுன் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தியதும் கையில் கல்லோடு டீக்கடைக்கு வந்து, "இன்னைக்கு எந்தப் பக்கம் வே?" என்று கேட்டுவிட்டுப் போய்ச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். உருண்டு வருகிற தேங்காய் எந்தத் தெருவில் வந்து நிற்கிறதோ அந்தத் தெருவுக்குச் சொந்தம் என்று ஒரு சட்டம்கூட உண்டானது. அந்தச் சட்டத்தை உயரத்தில் இருந்த தெரு ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

இதெல்லாம் பொன்னுலிங்கத்துக்குப் பொருட்டில்லை. அவருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: வேலை செய்யும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. உலகம்மை மட்டும் நிற்கலாம்.

உலகம்மை அவர் மனைவி, கீழத்தெருக்காரி. கொட்டகைத் தூணில் ஒரு மரக்கவை அடித்திருந்தது. அதில் வில்லின் பிடியை மாட்டி நாணை ஒருவர் கீழே இழுக்க வேண்டும், இன்னொருவர் தள்ளி நின்று வில்லின் இரண்டு கையும் எப்படி வளைகிறது என்று பார்க்க வேண்டும். எந்த இடம் வளையாமல் விறைக்கிறதோ அந்த இடத்தில் ஒரு சீவல், மறுபடி இழுத்து மறுபடி ஒரு பார்வை. கல்யாணமான வருஷத்திலிருந்து உலகம்மைதான் இழுப்பாள், அவர் எதிர்ச் சுவரில் சாய்ந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். இழுக்கிறபோதே அவள், "இந்தக் கை முரண்டு பிடிக்கு, உங்க அக்கா மாதிரி" என்பாள். அவர், "அதுக்கு எதுத்த கை உன் அண்ணன் மாதிரி இளகிக் கெடக்கு" என்பார். அவர்கள் ஒருவரோடொருவர் சிரித்துப் பேசுவது வருஷத்தில் அந்தப் புரட்டாசி நாட்களில்தான்.

இந்த வருஷம் அதிலும் மண் விழுந்தது. கீழத்தெரு உயர்ந்ததும் மேலத்தெருவிலிருந்து பொன்னுலிங்கத்தின் அக்கா பிச்சம்மை வந்து கொட்டகை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"ஏலே பொன்னு, கீழத்தெருச் சாக்கடை பூரா என் நடுவீட்டுக்குள்ள வருதுலே. பொண்டாட்டி பொறந்த வீட்டைத் தூக்கி வைக்கணும்னு கூடப்பொறந்தவளைச் சாக்கடையில போட்டுட்டியே, நல்லா இருப்பியா?"

"ஏக்கா, அது வில்லு. அடிக்கை விறைச்சு நின்னுது, சீவுனேன். யார் வீட்டையும் தூக்கவுமில்லை, எறக்கவுமில்லை."

"அப்ப எங்க பக்கமும் ஒரு சீவல் போடேன். என்ன கொறைஞ்சு போவுது?"

என்ன குறையும் என்று விளக்கினால் அவளுக்கு விளங்கும், ஆனால் எழுந்து போகமாட்டாள். அவள் போனால் போதும் என்றிருந்தது அவருக்கு. வில்லைத் தூணில் மாட்டாமல், இழுக்காமல், பார்க்காமல், நுனிக்கையில் ஒரு சுருள் எடுத்துவிட்டார். அவர் செய்த தப்பு அதுதான். ஆசாரியின் கை வில்லைப் பார்த்துச் சீவ வேண்டும். அது முதல் தடவையாக ஆளைப் பார்த்துச் சீவியது.

மறுநாள் காலை மேலத்தெரு உயர்ந்து, சாக்கடை முழுக்கத் திரும்பிப் போய், கீழத்தெருவில் உலகம்மையின் அண்ணன் சண்முகவேல் வீட்டு வாசலில் அடைத்துக்கொண்டு நின்றது. சாக்கடை அங்கே அடைத்துக்கொள்வது புதிதில்லை, ஊர் உண்டான நாளிலிருந்தே அங்கேதான் அடைக்கும். ஆனால் இதுவரை அது பள்ளத்தின் குற்றமாக இருந்தது, இப்போது அதற்கு ஒரு ஆள் இருந்தார்.

உலகம்மை கத்தவில்லை. கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார், சாயங்காலத்துக்குள் சரியாகியிருக்கும். அவள் துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு, "உங்க அக்காவுக்குப் பாத்துச் சீவுனீயள்லா, எங்க அண்ணனுக்கும் பாத்துச் சீவுங்க. ரெண்டு பக்கமும் மயிரிழை பிசகாம நிக்கட்டும், அன்னைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கீழத்தெரு இறக்கத்தில் இறங்கிப் போனாள். பின்னாலிருந்து யாரோ தள்ளியது போல் வேகமாகப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் பொன்னுலிங்கத்துக்கு இன்றைக்கும் தலை வலிக்கும். நாணை இழுக்க ஆளில்லை. அவரே இழுத்தால் பார்க்க முடியாது, பார்க்கப் போனால் இழுக்க முடியாது. ஒரு கையால் இழுத்துக் கழுத்தைத் திருப்பிப் பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. சண்முகவேல் வந்து, "மாப்ளே, நான் இழுக்கேன்" என்றார், இழுத்தார், இழுக்கும்போதே, "அடிக்கைதான் விறைப்பு, நல்லாச் சீவுங்க" என்று பாராமலே சொன்னார். பிச்சம்மை இழுத்தபோது நுனிக்கைதான் விறைப்பு என்றாள். கப்பியில் கயிறு போட்டுத் தூரத்திலிருந்து இழுங்கள் என்று டீக்கடையில் யோசனை சொன்னார்கள், "கப்பி வாயைத் தொறந்து பேசுமாவே?" என்று எரிந்து விழுந்தார். கடைசியில் வில்லைப் பார்ப்பதையே விட்டுவிட்டு ஊரைப் பார்த்துச் சீவ ஆரம்பித்தார். மேலத்தெருக்காரர்கள் கத்தினால் நுனிக்கையில் ஒன்று, கீழத்தெருக்காரர்கள் கத்தினால் அடிக்கையில் ஒன்று, இந்தப் பக்கம் கொஞ்சம் கூடிவிட்டது என்றால் அந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் கூடிவிட்டது என்றால் இந்தப் பக்கம் ஒன்று, இப்படியே தேங்காய்கள் காலையில் கிழக்கேயும் மாலையில் மேற்கேயும் உருண்டு கொண்டிருக்க, வில் மட்டும் நாளுக்கு நாள் மெலிந்து, உலக்கை மாதிரி வந்த கட்டை பிரம்பு மாதிரி ஆனது. சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. இது தச்சு வேலை தெரிந்த யாருக்கும் தெரியும், தெரியாதவர்களுக்கும் தெரியும், ஆனாலும் ஒருவரும் கேட்பதை நிறுத்தவில்லை. இந்த மெலிந்த வில் நாணை இழுக்கும்போது நடுவில் ஒடிந்தால் இரண்டு தெருவும் என்ன ஆகும் என்று எல்லாரும் யோசித்தார்கள், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பொன்னுலிங்கத்துக்கு அந்தப் பயம் இருந்தது. அதைவிட, தூணைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே அவள் நிற்காததுதான் அதிகமாக உறுத்தியது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு எல்லார் மீதும் வள்ளென்று விழுந்தார்.

நவராத்திரி தொடங்கியதும் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஒரு கொத்தனாரிடமிருந்து ரசமட்டம் வாங்கி வந்து பலிபீடத்தின் மேல் வைத்தார்கள். அதற்குள் இருந்த நீர்க்குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை ஆசாரி சீவ வேண்டும், நின்ற பிறகு அவர் சீவுளியைத் தொடவே கூடாது என்று முடிவானது. அது ஒன்றில்தான் இரண்டு தெருவும் ஒன்றாகக் கை தூக்கின.

பொன்னுலிங்கம் எழுந்து சொன்னார். "சமமாச் செய்யக் கூடாதுவே. அம்மன் பிடியைப் பிடிச்சிருப்பா, அம்பு பிடிக்கு மேல நிக்கும். அடிக்கை ஒரு நூல் விறைப்பா நின்னாத்தான் ரெண்டு கையும் ஒண்ணாத் திரும்பி அம்பைத் தள்ளும். தூணுல சமமா வளையுத வில்லு கையில சமமா வளையாது."

"அந்த ஒரு நூலு எந்தத் தெருவுக்கு ஆசாரி?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதற்கு அவ்வளவு பெரிய சத்தம் கிளம்பியது.

"எக்கேடும் கெட்டுப் போங்க!" என்றார் பொன்னுலிங்கம். கொட்டகைக்கு வந்து, உடைந்த கண்ணாடிச் சில்லை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினார், இந்தப் பக்கம் மாவு மாதிரி கொஞ்சம், அந்தப் பக்கம் மாவு மாதிரி கொஞ்சம், கோயில் வாசலில் இருந்து, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... நில்லும், நில்லும்!" என்று கூட்டம் கத்தியது. குமிழி நடுவில் வந்து நின்றது. வெடி போட்டார்கள். அன்று சாயங்காலம் உலகம்மை பையோடு திரும்பி வந்தாள்.

வந்தாள், ஆனால் வந்தது மாதிரி இல்லை. ஊர் மொத்தமும் அப்படித்தான் ஆகியிருந்தது. எதுவும் எந்தப் பக்கமும் போகவில்லை. சாக்கடை இரண்டு தெருவிலும் நின்ற இடத்தில் நின்று பச்சை பிடித்தது. பெய்த மழை பெய்த இடத்திலேயே கிடந்தது. வாய்க்காலில் விழுந்த வேப்பிலை விழுந்த இடத்தை விட்டு நகரவில்லை. கொசு ராஜாவாகப் பறந்தது. தேங்காய் உருளாததால் தேங்காய் தேடி யாரும் அடுத்த தெருவுக்குப் போகவில்லை, போகாததால் சண்டை இல்லை, சண்டை இல்லாததால் பேச்சும் இல்லை. டீக்கடையில் தம்ளர்கள் அவரவர் முன்னால் அப்படியே இருந்தன, அவரவர் டீயை அவரவர் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். பொன்னுலிங்கத்தின் வீட்டில் உலகம்மை சோற்றைச் சமமாகப் பங்கு வைத்தாள், குழம்பைச் சமமாக ஊற்றினாள், அவர் ஒரு வார்த்தை பேசினால் ஒரு வார்த்தை பேசினாள். கேட்டதெல்லாம் கிடைத்த பிறகு வீட்டுக்குள் இருக்க மூச்சு முட்டியது. இதற்கு அவள் அண்ணன் வீட்டிலிருந்தே திட்டிக்கொண்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது, உடனே அழுகையாகவும் வந்தது.

விஜயதசமிக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் வில்லைத் தூக்கிக்கொண்டு போய்த் தூணில் மாட்டினார். அடுக்களைப் பக்கம் பார்த்து, "ஒரு இழுப்பு இழுக்கியா?" என்றார்.

உலகம்மை ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நாணைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். அவர் எதிர்ச் சுவரில் சாய்ந்து ஒற்றைக் கண்ணை மூடினார். வில் வளைந்தது, இரண்டு கையும் ஒரே மாதிரி, ஒரு குறையில்லாமல், பார்க்கவே எரிச்சல் வருகிற மாதிரி வளைந்தது.

"என்னங்க இது?" என்றாள். "ரெண்டும் ஒண்ணு போல வருது. அடிக்கை கொஞ்சம் முரண்டு பிடிக்கணுமே. இதை வச்சு அம்பு போட்டா மரத்துக்குப் போவாது, பூசாரி மூக்குக்குத்தான் போவும்."

"ஊரு கேட்டுது."

"ஊரு கேக்கும். நீங்க செஞ்சிருவீயளாக்கும்?"

"நீயுந்தான் கேட்டே."

உலகம்மை நாணை விடாமல், இழுத்த கையோடு அப்படியே நின்றாள். அவளுக்கும் தெரியும்: அடிக்கை விறைக்க வேண்டுமானால் நுனிக்கையில் இன்னும் ஒரு சீவல் போட வேண்டும், போட்டால் மேலத்தெரு ஒரு நூல் உயரும், கீழத்தெரு ஒரு நூல் இறங்கும், சாக்கடை ஓட ஆரம்பிக்கும், ஓடிப் போய்ப் பழையபடி அவள் அண்ணன் வீட்டு வாசலில் அடைத்துக்கொள்ளும். நுனிக்கையில் சீவுவதற்கு மிச்சம் இருந்ததும் அந்த ஒரு சீவலுக்கான மரம்தான். அதற்கு மேல் கை வைத்தால் நாளைக்கு வில் ஒடியும்.

"நான் சீவமாட்டேன்" என்றார் பொன்னுலிங்கம். "வில்லு கெட்டா கெட்டுப் போவுது. நீ மறுபடியும் பையைத் தூக்கிட்டுப் போயிருவே. என்னால ஒத்தையில இழுத்து ஒத்தையில பாக்க முடியாது. இந்தப் பாழாப்போன தூணைப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது, சொல்லிட்டேன்."

இவ்வளவு நீளமாக அவர் அவளிடம் பேசியதே இல்லை. கோபத்தில் சொல்வது போலத்தான் சொன்னார், குரல்தான் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

உலகம்மை அவரைப் பார்த்தாள். "சீவுங்க" என்றாள்.

"உங்க அண்ணன்?"

"வாசல்ல சாக்கடை வரும். எப்பவும் வந்ததுதானே. ஆனா ஒண்ணு, இதுவரைக்கும் எங்க அண்ணன் மட்டும் நின்னு தள்ளிக்கிட்டு இருந்தான். இனிமே உசரத்துல இருக்குதவங்க எறங்கி வந்து தள்ளணும். மொத ஆளா நீங்க வரணும். காலையில எந்திச்சதும் வரணும்."

"நான் ஆசாரிடீ!"

"வில்லு யாரு செஞ்சது?"

அவர் வில்லைத் தூணிலிருந்து இறக்கினார். கண்ணாடிச் சில்லை எடுத்து நுனிக்கையின் மேல் வைத்தார். உலகம்மை வில்லின் மறுமுனையைத் தன் இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு சீவல். நூல் பிரி போல மெல்லிய ஒரு சுருள் எழுந்து தரையில் விழுந்தது. தெருவில் எங்கோ தண்ணீர் களக்கென்று ஒரு சத்தம் போட்டு நகர ஆரம்பித்தது. கோயில் வாசலில் ரசமட்டத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தவர்கள், "ஏ ஆசாரி!" என்று கத்தினார்கள். பொன்னுலிங்கம் கதவைச் சாத்திவிட்டு உலகம்மையை மறுபடி இழுக்கச் சொன்னார்.

மறுநாள் எல்லையில் பூசாரி அம்மனுக்கு முன் வில்லைச் சாத்தி எடுத்து, அம்பைத் தொடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தார். இரண்டு தெருவும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றன. வில் முனகியது, ஒடியவில்லை. அம்பு போனது, நேராகப் போனது, ஆனால் இவ்வளவு மெலிந்த வில்லிலிருந்து எவ்வளவு வேகமாகப் போகும்? வன்னிமரத்தைத் தொட்டுவிட்டுக் களைத்துப்போன ஆள் மாதிரி கீழே விழுந்தது. குத்தினால்தான் கணக்கு என்று மேலத்தெருவும், தொட்டாலே கணக்கு என்று கீழத்தெருவும் அங்கேயே ஆரம்பித்தார்கள். இத்தனை நாள் கழித்து அந்த இரைச்சலைக் கேட்க உலகம்மைக்குச் சந்தோஷமாக இருந்தது. பொன்னுலிங்கத்துக்கு எரிச்சலாக இருந்தது, ஆனாலும் அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவள் அவர் கையில் சாக்கடை தள்ள ஒரு வாரியலைக் கொடுத்தாள். இதையெல்லாம் எவன் கேட்டான், வில் செய்தவன் கையில் வாரியலா, பித்தளையில் வார்க்கச் சொன்னபோது எல்லாரும் எங்கே போனீர்கள் என்று முனகிக்கொண்டே அவர் அவள் பின்னால் நடந்தார். வழியில் பிச்சம்மை வாசலில் நின்று, "ஏலே பொன்னு, எங்க பக்கம் இப்ப தண்ணி நிக்கவே மாட்டேங்கு, செடியெல்லாம் வாடுது, கீழ்ப்பக்கம் ஒரே ஒரு சீவல்..." என்று ஆரம்பித்தாள்.

"வெளக்கமாத்தை எடுத்துக்கிட்டு எங்க பின்னால வா!" என்று கத்தினார் பொன்னுலிங்கம். அவள் உள்ளே போய் நிஜமாகவே எடுத்துக்கொண்டு வந்தாள்.

கோயிலைத் தாண்டியதும் உலகம்மை திரும்பிப் பார்த்தாள். "பாத்து வாங்க, எறக்கம்" என்றாள். தெரியும், தெரியும், அந்த இறக்கத்தைச் செய்ததே நான்தான் என்று அவர் சொல்ல நினைத்தார். ஆனால் அதற்குள் அவர் கால் தானாக இறங்கி அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது.